நோயில் மெலிந்த காக்டெயில் கிளி: எடை ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன கொடுப்பது?

மாடிவீட்டு மீனா, தஞ்சாவூர்
ஜனவரி 4, இரவு 9:10

வணக்கம். எங்கள் வீட்டில் முத்து என்று ஒரு காக்டெயில் இருக்கிறான். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் அந்த ஆரஞ்சுப் பொட்டு. இரண்டரை வயது ஆகிறது. டிசம்பர் ஆரம்பத்தில் தும்மல் வந்தது, மழைக்குளிர் என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம், மூன்றாம் நாள் பார்த்தால் இறகை உப்ப வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருக்கிறான், எச்சம் பச்சையாகத் தண்ணீர் மாதிரி போகிறது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிளிக்காய்ச்சலாக, அதாவது பறவைகளுக்கு வரும் ஒரு கிருமித் தொற்றாக, இருக்கலாம் என்று சொல்லி டாக்சிசைக்ளின் சொட்டு மருந்து கொடுத்தார். 45 நாள் ஒரு நாள்கூட விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். இன்றைக்கு 25ஆவது நாள். தும்மல் நின்றுவிட்டது, கண் தெளிந்துவிட்டது, காலையில் லேசாக விசில்கூட அடிக்கிறான்.

ஆனால் எடைதான். ஆகஸ்டில் நகம் வெட்டக் கொண்டுபோனபோது 93 கிராம் இருந்தான். நோய் வந்து டாக்டரிடம் முதலில் காட்டிய அன்று 76. போன வாரம் மறுபடி காட்டியபோது 71. மருந்து வேலை செய்கிறது, எடை ஏற நாளாகும், நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கிண்ணம் எப்போதும் நிறையத்தான் இருக்கிறது, அவனும் கிண்ணத்துக்குப் போகிறான், கொறிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது. அதற்கு மேல் நான் என்ன கொடுப்பது? நெஞ்சைத் தொட்டால் நடு எலும்பு கத்தி மாதிரி நிற்கிறது. முதல்முறை விரலில் பட்டபோது அழுதுவிட்டேன்.

பறவைத் தீவனம் வாங்கும் கடையில் கேட்டேன். சூரியகாந்தி விதை மட்டும் போடுங்கள், ஒரே வாரத்தில் தேறிவிடும் என்றார்கள். பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கச் சொன்னார்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின், குஞ்சுகளுக்கு ஊட்டுகிற மாவு ஒரு டப்பா, சிரிஞ்ச் எல்லாம் எடுத்து வைத்தார்கள். வைட்டமின் மட்டும் வாங்கி வந்து மூன்று நாளாகத் தண்ணீரில் கலக்கிறேன். கடல்நுரை ஒன்றும் புதிதாகக் கூண்டில் மாட்டியிருக்கிறேன், எலும்புக்குச் சத்து என்று. அந்த மாவை வாங்கி சிரிஞ்சில் ஊட்டலாமா? இன்னொன்று, எங்கள் வீட்டில் முட்டை புழங்காது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


வைகைக்கரை பாண்டி, மதுரை
ஜனவரி 4, இரவு 10:35

மீனா, பயப்படாதீர்கள், ஆனால் மெத்தனமாகவும் இருக்க வேண்டாம். 93இல் 22 கிராம் போயிருக்கிறது, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அறுபது கிலோ இருக்கிற ஆள் பதினான்கு கிலோ இறங்கினால் எப்படி இருப்பாரோ அப்படி. காக்டெயிலில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே கவனிக்க வேண்டிய விஷயம்.

நான் பதினாலு வருஷமாக காக்டெயில் வளர்க்கிறேன், இப்போது ஏழு இருக்கின்றன. உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது ஒரே வரிதான்: "கிண்ணம் எப்போதும் நிறையத்தான் இருக்கிறது." இப்போதே எழுந்து போய் அந்தக் கிண்ணத்தை எடுத்து, வெளியே வைத்து, மேலாக ஒரு ஊது ஊதிப் பாருங்கள். இவை விதையை உமியோடு விழுங்குவதில்லை. அலகில் உருட்டி உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு உள்ளே இருக்கும் பருப்பை மட்டும்தான் தின்னும். அதனால் தின்று தீர்த்த கிண்ணமும் பார்வைக்கு நிறைந்த கிண்ணம் மாதிரியேதான் இருக்கும். விதை இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பறவையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இரண்டாவது, கொறிக்கிற சத்தத்தை நம்பாதீர்கள். நோயாளிப் பறவை சாப்பிடுவது போலவே காட்டும். கிண்ணத்தருகே நின்று விதையை உருட்டும், உடைக்கும், விழுங்காமல் கீழே போட்டுவிடும். காட்டில் நோஞ்சானாகத் தெரிந்தால் பருந்துக்கு இரையாகிவிடும் இல்லையா, அதனால் முடியாமையை மறைப்பது அதன் ரத்தத்தில் ஊறியது. கூண்டின் அடித்தட்டில் செய்தித்தாள் அல்லது வெள்ளைத் தாள் விரித்து, ஒரு நாள் முழுக்க என்னென்ன விழுகிறது என்று பாருங்கள். உமியா, உடைந்த பருப்பா, எச்சம் எத்தனை, என்ன நிறம். எச்சம் குறைவாக, சின்னதாக, கரும்பச்சையாக இருந்தால் உள்ளே தீனி போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்கிற பறவையின் எச்சம் எண்ணிக்கையிலும் இருக்கும், பருமனாகவும் இருக்கும்.

மூன்றாவது தராசு. வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் வீட்டுத் தராசு போதாது. சமையலுக்கு விற்கிற டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் வித்தியாசம் காட்டுவதாக இருந்தால் போதும். தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன்னால் நிறுக்க வேண்டும். ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடையைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு அவனை உள்ளே ஏற்றுங்கள். ஒரே நேரம், ஒரே கூடை. நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நாம் கண்ணால் பார்த்து "கொஞ்சம் தேறின மாதிரி இருக்கிறான்" என்று சொல்வதெல்லாம் நம் ஆசைதான், இறகுக்குள் ஒன்றும் தெரியாது.

சூரியகாந்தி பற்றி நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்கு அதைக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிடாதீர்கள். சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம்.


நெல்லை செல்வி
ஜனவரி 4, இரவு 11:20

பாண்டி அண்ணன் சிரிஞ்ச் வேண்டாம் என்று ஒரே வரியில் விட்டுவிட்டார், நான் ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் அனுபவித்தவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பட்ஜி, அந்தச் சின்னக் கிளி, ஒன்று இதே போல் மெலிந்தது. எனக்கும் யாரோ சொன்னார்கள், குஞ்சு மாவைக் கரைத்து ஊட்டு என்று. துண்டில் சுற்றிப் பிடித்து, அலகோரமாக சிரிஞ்சை வைத்து அழுத்தினேன். குஞ்சு என்றால் தானே தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொள்ளும், வளர்ந்த பறவை அப்படி வாங்காது, திமிறும். திமிறினபோது மாவு மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. இரண்டு முறை இருமியது, வாயைத் திறந்து திறந்து மூடியது, என் உள்ளங்கையிலேயே போய்விட்டது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன். இன்றைக்கும் அந்த மாவின் வாசனை எனக்கு ஆகாது.

குழாய் வைத்து ஊட்ட வேண்டிய கட்டம் வந்தால் டாக்டர் ஊட்டுவார், நேராகத் தீனிப்பைக்குள் இறக்கும் குழாய் அவரிடம் இருக்கும். தானாகக் கொஞ்சமாவது தின்கிற பறவைக்கு வீட்டில் சிரிஞ்ச் எடுக்காதீர்கள் மீனா. அந்த மாவைக் கரைப்பதிலும் சூட்டுக் கணக்கு இருக்கிறது, 38 முதல் 40 டிகிரி வரைதான் இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினால் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் உள்ளே தங்கிப் புளித்துவிடும். ஆசையாக இருந்தால் மாவைக் குழைத்து ஒரு கரண்டியில் வைத்து முன்னால் நீட்டுங்கள், நக்கினால் நக்கட்டும், இல்லாவிட்டால் விடுங்கள்.

பாலும் வேண்டாம். பறவைக்குப் பால் செரிக்காது, அதைச் செரிக்கும் நொதியே அவற்றின் உடம்பில் கிடையாது. வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற எடையும் போகும்.


மாடிவீட்டு மீனா
ஜனவரி 5, காலை 7:50

செல்வி அக்கா, படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. நீங்கள் இதை எழுதாமல் இருந்திருந்தால் இன்று காலை நான் அந்த டப்பாவை வாங்கியிருப்பேன்.

பாண்டி அண்ணா, ஊதினேன். கிண்ணத்தில் பாதிக்கு மேல் பறந்துபோய்த் துளசி மாடம் முழுக்க உமி. அடியில் கொஞ்சம் விதை இருந்தது, அவ்வளவுதான். நான் தினமும் மேலே ஒரு கைப்பிடி போட்டு நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். தாளில் பார்த்தேன், மேல் கம்புக்கு நேர் கீழே உடைந்த தினைப் பருப்பு நிறையக் கிடக்கிறது. உடைத்திருக்கிறான், தின்னவில்லை. எச்சம் காலை வரைக்கும் ஆறு, எல்லாம் கரும்பச்சை, மிளகளவு.

எதிர்வீட்டுத் தராசை வாங்கி நிறுத்தேன். 71. இன்னொரு விஷயம் இப்போதுதான் கவனித்தேன். கிண்ணம் இரண்டும் மேல் கம்புக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது, இவன் நோய் வந்ததிலிருந்து பெரும்பாலும் கீழ்க் கம்பில்தான் உட்கார்ந்திருக்கிறான்.


வைகைக்கரை பாண்டி
ஜனவரி 5, காலை 9:15

அதேதான். மேலே ஏறித் தின்ன அவனுக்குத் தெம்பு இல்லை. ஏறினாலும் உமி உரிக்கத் தெம்பு இல்லை.

காக்டெயிலுக்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புல்வெளிதான் சொந்த ஊர். அங்கே கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல்விதை பொறுக்கித் தின்னும். தரையில் தின்பதுதான் அதற்குச் சுபாவம். அதனால் இன்றைக்கே ஒரு தட்டையான தட்டை, அகல் விளக்குத் தட்டு இருந்தால்கூடப் போதும், கூண்டின் அடியில் வையுங்கள். தண்ணீரும் கீழே. எச்சம் விழாத மூலையாகப் பார்த்து வைத்து, நாளுக்கு மூன்று முறை மாற்றுங்கள். கீழ்க் கம்பை இன்னும் தாழ்த்துங்கள்.

உமி உரிக்கிற சிரமத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. மளிகைக் கடையில் தினை அரிசி, சாமை அரிசி என்று உமி நீக்கினதே கிடைக்கிறதே, அதைக் கொஞ்சம் உப்பில்லாமல் குழைய வேக வைத்து, ஆற வைத்து, ஒரு ஸ்பூன் அளவு. உமியுள்ள தினையை நிறுத்திவிட வேண்டாம், அதுவும் பக்கத்திலேயே இருக்கட்டும். கடையில் தினைக் கதிர் கட்டாக விற்பார்கள், அதில் ஒரு துண்டைத் தரையில் கிடத்துங்கள், நோயில் இருக்கும் காக்டெயில் வேறு எதைத் தொடாவிட்டாலும் கதிரைத் தொடும். அதைவிட நல்லது ஒன்று சொல்கிறேன், தஞ்சாவூர்ப் பக்கம் யாராவது சோளமோ கம்போ போட்டிருந்தால், பால் பிடித்த கதிர் ஒன்று கேட்டு வாங்குங்கள். முற்றின விதையைவிட இளசான விதைதான் இவற்றுக்குப் பிடிக்கும், ஆஸ்திரேலியாவில் சோளக்காட்டில் விழுந்து விவசாயியை அழவைப்பதும் அந்த ருசிக்குத்தான். மருந்து அடித்த கதிரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை புழங்காவிட்டால் பரவாயில்லை. பச்சைப்பயறு முளைகட்டி, நன்றாக அலசி, முளை விதை அளவுக்கு வந்ததும் ஆவியில் ஒரு கொதி காட்டிக் கொடுங்கள். வேகவைத்த பருப்பும் தினைச் சோறும் சேர்த்துப் பிசைந்தால் புரதத்துக்குக் குறைவில்லை. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், வேகவைத்த பரங்கிக்காய், இதில் ஏதாவது ஒன்று தினமும், விதைக்குப் பதிலாக அல்ல, விதையோடு. ஈரத் தீனி எதுவானாலும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் புளித்துவிடும்.

சூரியகாந்தி: அதன் பருப்பில் பாதி எண்ணெய். எடை ஏறும், உண்மை. ஆனால் கிளிக்காய்ச்சல் கல்லீரலைத் தொடுகிற நோய், தொட்ட கல்லீரல்மேல் கொழுப்பை ஏற்றுவதா? அவன் இழந்தது நெஞ்சுச் சதை, கொழுப்பு அல்ல. கொழுப்பு ஏறி எடை 90 காட்டினாலும் நெஞ்செலும்பு அப்படியே கத்தியாக நிற்கும், பறக்கத் தெம்பு வராது. நாலைந்து விதை நாளுக்கு, கையில் வைத்துக் கொடுங்கள், மருந்து கொடுக்கப் பிடித்த கோபம் ஆறுவதற்கு. அவ்வளவு போதும்.

இன்னொன்று, இவை கூட்டமாகத் தின்று பழகியவை. நீங்கள் இட்லி சாப்பிடும்போது கூண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் தட்டில் விரல் நகத்தால் டொக் டொக் என்று தட்டுங்கள், கோழி குஞ்சைக் கூப்பிடும் மாதிரி. கூட ஒரு ஆள் தின்றால் இவனும் தலையைக் குனிவான்.


நாமக்கல் கால்நடை மாணவன்
ஜனவரி 5, மதியம் 1:40

மீனா அக்கா, நான் கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இன்னும் டாக்டர் ஆகவில்லை, அதனால் நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று அவசரம்: அந்தக் கடல்நுரை.

கடல்நுரை என்பது கணவாய் ஓடு, முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. டாக்சிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். மருந்து கொடுத்தும் கொடுக்காத மாதிரி ஆகும். நீங்கள் வைட்டமின் வாங்கினீர்களே, அதன் மேல் கால்சியம் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 45 நாள் முடிகிற வரைக்கும் கடல்நுரையைக் கழற்றி வையுங்கள், முடிந்த மறுநாள் மாட்டிவிடலாம். எச்சம் நல்லபடியாக மாறினாலும், அவன் பாட்டுப் பாட ஆரம்பித்தாலும், மருந்தை மட்டும் நடுவில் நிறுத்தாதீர்கள். இந்தக் கிருமி உயிரணுவுக்குள்ளே ஒளிந்திருப்பது, அதனால்தான் அத்தனை நாள்.

தண்ணீரில் வைட்டமின் கலப்பதையும் விட்டுவிடுங்கள். நிறமும் ருசியும் மாறினால் பறவை தண்ணீரே குடிக்காது, தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். அந்த வைட்டமினில் சர்க்கரை சேர்ந்திருந்தால் தண்ணீரில் அரை நாளில் வழவழவென்று கிருமி படியும்.

அடுத்து வெதுவெதுப்பு. மெலிந்த பறவை தின்கிற தீனியில் பெரும்பங்கை உடம்புச் சூட்டைக் காப்பாற்றவே செலவழிக்கும், எடையாக மாற ஒன்றும் மிஞ்சாது. மார்கழி ராத்திரியில் தஞ்சாவூர் 21, 22 டிகிரிக்கு இறங்கும், நமக்கு அது சுகம், 71 கிராம் பறவைக்கு அது செலவு. கூண்டின் மூன்று பக்கம் துணி போர்த்தி, ஒரு ஓரத்தில் மட்டும், கூண்டுக்கு வெளியே, 40 வாட் குண்டு பல்போ வெந்நீர்ப் பையோ வையுங்கள். உள்ளே 28, 29 டிகிரி இருந்தால் சரி, ஒரு சின்ன வெப்பமானி தொங்கவிடுங்கள். ஒரு ஓரம் மட்டும் என்பது முக்கியம், சூடு அதிகமானால் அவன் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். ராத்திரி வெளிச்சம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்க வேண்டும்.

எச்சத்தில் முழு விதை செரிக்காமல் வருகிறதா என்று தினமும் பாருங்கள். வந்தால், அல்லது நன்றாகத் தின்றும் எடை இறங்கிக்கொண்டே போனால், அது வேறு விஷயம். மேக்ரோராப்டஸ் என்று ஒரு பூஞ்சை இரைப்பையில் குடியேறும், காக்டெயில், பட்ஜி இரண்டிலும் வருவதுதான். தின்று தின்றே மெலியும். சாதாரண ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, வேறு மருந்து இருக்கிறது. புதிய எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் இறங்கினால் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக உங்களுக்கு. கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும், காய்ந்த எச்சத்தின் தூசி மூலமாக. தாளை மாற்றும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு மாற்றுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் பறவை இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்ற வாய்ப்பில்லை.


கோவை இளங்கோ
ஜனவரி 6, மாலை 6:05

எல்லாம் படித்தேன், ரொம்ப உபயோகமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் பச்சைக்கிளி ஒன்று இருக்கிறது, அதுவும் மெலிவாக இருக்கிறது. இதே தீனி முறை அதற்கும் சரிவருமா?


வைகைக்கரை பாண்டி
ஜனவரி 6, இரவு 8:30

தம்பி, பச்சைக்கிளி நம் காட்டுப் பறவை. அதை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்டெயில், பட்ஜி மாதிரி கூண்டில் பிறந்து வளர்ந்த வெளிநாட்டு இனம் இல்லை அது. மெலிந்திருக்கிறது என்றால் இன்னும் தள்ளிப்போடாதீர்கள், வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், அவர்கள் வைத்தியம் பார்த்து வெளியே விட முடிந்தால் விடுவார்கள். உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, நிறையப் பேருக்குத் தெரியாமல்தான் வாங்கிவிடுகிறார்கள்.


மாடிவீட்டு மீனா
ஜனவரி 11, இரவு 9:40

நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். 5ஆம் தேதி 71. 6: 71. 7: 70. 8: 71. 9: 72. 10: 72. இன்றைக்கு 73.

7ஆம் தேதி 70 காட்டியபோது கை நடுங்கியது. ஒரத்தநாடு கிளம்பிவிடலாம் என்று கூடையைக்கூட எடுத்துவிட்டேன், அப்புறம் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது, சேர்ந்தாற்போல் இறங்கினால்தான் என்று. மறுநாள் ஏறியது.

தட்டைக் கீழே வைத்த முதல் நாள் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மதியம் நான் தயிர்சாதத்தோடு கூண்டருகே தரையில் உட்கார்ந்து, தட்டில் நகத்தால் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். கொண்டையைத் தூக்கிப் பார்த்தான், ஒரு கால் ஒரு காலாக இறங்கி வந்தான், வேகவைத்த தினையில் ஒரு வாய் எடுத்தான், அலகை ஆட்டி ஆட்டி மென்றான், தொண்டை அசைவதைக் கண்ணால் பார்த்தேன். நான் என் சாதத்தை விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன், மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். பத்து பன்னிரண்டு வாய் தின்றான்.

கடல்நுரையை அன்றைக்கே கழற்றிவிட்டேன். டாக்டருக்கும் போன் செய்தேன், ஆமாம் கழற்றிவிடுங்கள் என்றார். மருந்தைக் காலைத் தீனிக்கு முன்னால் கொடுத்துக்கொண்டிருந்தேன், துண்டில் பிடித்ததும் கோபித்துக்கொண்டு ஒரு மணி நேரம் எதையும் தொட மாட்டான். இப்போது டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தின்று முடித்த பிறகு கொடுக்கிறேன், அதிலேயே காலையில் ஒரு வேளை கூடிவிட்டது.

ஒரு கேள்வி. இறகு ரொம்ப உதிர்கிறது, கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு வருகிறது. இது நோயா?


நெல்லை செல்வி
ஜனவரி 11, இரவு 10:30

அந்த "தொண்டை அசைவதைப் பார்த்தேன்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன் மீனா. ரொம்ப சந்தோஷம்.

முள் இறகு நோய் இல்லை, இறகு மாற்றுகிறான். ஆனால் இறகு முளைக்கப் புரதம் நிறையச் செலவாகும், அதனால் இந்த இரண்டு மூன்று வாரம் எடை மெதுவாகத்தான் ஏறும், பயறும் பருப்பும் விடாமல் கொடுங்கள். முள்ளைத் தொட்டால் வலிக்கும், தலையைத் தடவாதீர்கள்.

முக்கியமாக இன்னொன்று. இரண்டு நாளில் போகி வருகிறது. அன்றைக்கு விடிகாலை தெருவெல்லாம் புகை மண்டும். பறவையின் நுரையீரலோடு உடம்பு முழுக்கக் காற்றுப்பைகள் இருக்கின்றன, நமக்கு இருமல் வருகிற புகை அதற்கு உயிரை எடுக்கும், இவனோ இப்போதுதான் மூச்சுக் கோளாறிலிருந்து எழுந்திருக்கிறான். முந்தின ராத்திரியே தெருப் பக்கம் இல்லாத உள் அறைக்கு மாற்றி, ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். அந்த அறையில் சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் வேண்டாம். ஒட்டாத தவா இருக்கிறதே, அதை வெறுமனே அடுப்பில் காய விட்டுவிடாதீர்கள், அதிகம் சூடேறினால் வருகிற ஆவி பறவையை நிமிஷங்களில் கொன்றுவிடும், நமக்கு வாசனைகூடத் தெரியாது.


மாடிவீட்டு மீனா
பிப்ரவரி 2, காலை 8:20

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். இன்று காலை 84.

போகி அன்று பூஜை அறையில் வைத்திருந்தோம், ஒன்றும் ஆகவில்லை. பொங்கலுக்கு என் மாமனார் ஊரிலிருந்து கம்பங்கதிர் நாலைந்து, இளசாக, மருந்து அடிக்காத கொல்லையிலிருந்து கொண்டு வந்தார். ஒன்றைக் கூண்டுக்குள் நீட்டினதும் அவன் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்துவிட்டான். கதிர் மேல் ஏறி நின்றுகொண்டே தின்றான். அந்த வாரம் மட்டும் நாலு கிராம்.

24ஆம் தேதியோடு மருந்து முடிந்தது. மறுநாள் கடல்நுரையைத் திரும்ப மாட்டினேன். போன வாரம் டாக்டரிடம் காட்டினோம், நோட்டைப் பார்த்துவிட்டு எல்லாரும் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும் என்றார். எச்சம் இப்போது நாளுக்கு முப்பதுக்கு மேல், பச்சையும் வெள்ளையுமாகச் சரியாக இருக்கிறது. கிண்ணத்தை ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறேன், ஏறிப் போய்த் தின்கிறான். ஆனால் 83, 84 என்று நாலு நாளாக அப்படியே நிற்கிறது. 93 வர இன்னும் என்ன செய்யலாம் அண்ணா?


வைகைக்கரை பாண்டி
பிப்ரவரி 2, காலை 10:05

ஒன்றும் செய்ய வேண்டாம், செய்வதையே செய்துகொண்டிருங்கள். ஆகஸ்டில் 93 என்றது கொஞ்சம் கொழுத்த எடையாகவும் இருந்திருக்கலாம், சூரியகாந்தி அப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காக்டெயில் 80 முதல் 110 வரை எங்கேயும் நிற்கும், அவன் எலும்புக்கு எது பொருத்தமோ அங்கே நிற்பான். இனி தராசோடு விரலையும் வையுங்கள். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் விரலை மெதுவாக ஓட்டினால் சதை எலும்போடு சமமாக வந்து முட்ட வேண்டும், எலும்பின் விளிம்பு லேசாகத் தட்டுப்படலாம். இரு பக்கமும் பள்ளம் இருந்தால் இன்னும் ஏற வேண்டும். எலும்பே தட்டுப்படாவிட்டால் அதிகம்.

இனி கூண்டைத் திறந்து அறைக்குள் தினமும் கொஞ்ச நேரம் பறக்க விடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. சதை பறந்தால்தான் வரும். தினமும் நிறுப்பதை இன்னும் ஒரு மாதம் விடாதீர்கள், அப்புறம் வாரம் இரண்டு முறை போதும்.


மாடிவீட்டு மீனா
பிப்ரவரி 2, இரவு 9:15

தொட்டுப் பார்த்தேன் அண்ணா. பள்ளம் இல்லை. இடது பக்கம் கொஞ்சம் மேடாகக்கூடத் தெரிகிறது, வலது பக்கம் எலும்புக்குச் சமமாக இருக்கிறது. சாயங்காலம் மின்விசிறியை நிறுத்திக் கூண்டைத் திறந்துவிட்டோம். அலமாரி மேல் வரைக்கும் போனான், அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கினான், அப்புறம் அங்கிருந்து நேராக என் தோளுக்கு.